கிளட்ச் மிதிக்கும் கால்

"கிளட்ச் மிதிக்கணும்னா முட்டி எத்தனை டிகிரி மடங்கணும், மிஸி?"

டிரைவர் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அப்போது அவர் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். இடது காலில் பட்டை சுற்றி, அதிலிருந்து ஒரு கயிறு கட்டிலின் கால்மாட்டுக் கப்பியில் ஏறி இறங்கி, நுனியில் எடை தொங்கிக்கொண்டிருந்தது. முட்டி மட்டும் வீங்கித் தோல் பளபளத்தது. அதற்கு மேலே தொடை இளைத்து, என் முன்னங்கை அளவுக்குத்தான் இருந்தது. வார்டின் சன்னல் பெரிய சாலையைப் பார்த்தபடி இருக்கும். ஏதாவது பஸ் வேகம் குறைத்து கியர் மாற்றும் சத்தம் கேட்டால் போதும், கட்டுக்குள் இருந்த அந்தப் பாதம் தன்னையறியாமல் ஒரு அங்குலம் முன்னே போய் அழுத்தும். எடை ஆடும். வலியில் அவர் முகம் சுளிப்பார். அடுத்த பஸ் வந்தால் பாதம் மறுபடியும் அழுத்தும்.

அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருந்தது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருந்தது. எச்.ஐ.வி. இருக்கிறது என்று அவரிடம் டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நான்கு நாட்களும் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள் வாய் திறந்தவர் கிளட்ச்சைப் பற்றிக் கேட்கிறார். மனிதருக்கு நிலைமை இன்னும் உறைக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

இது தொண்ணூறுகளின் நடுவில். கோலாலம்பூரை அடுத்த கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு அரசு மருத்துவமனையில் நான் உடற்பயிற்சி சிகிச்சையாளராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வீடு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். காலையில் பஸ் பிடித்துக் கிள்ளான் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ். நான் தாதி இல்லை, ஆனாலும் வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாரும் நோயாளிகளுக்கு மிஸிதான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். நான் அவரை டிரைவர் அண்ணன் என்று அழைத்ததும் வார்டில் எல்லாரும் அப்படி அழைத்ததால்தான். இதை எழுதட்டுமா என்று அண்மையில் அவரிடமே கேட்டேன். "பேரு வேணாம் மிஸி. முட்டியப் பத்தி என்னா வேணும்னாலும் எழுதுங்க" என்றார். அதனால் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் ஓட்டுநர். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அந்த ரோட்டில் எந்த இடத்தில் மாடு குறுக்கே வரும், எந்த நிறுத்தத்தில் எந்த ஆசிரியை ஏறுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு நாள் வண்டியிலிருந்து இறங்கும்போது இடது முட்டி லேசாகக் கனத்தது. பதினெட்டு வருஷம் கிளட்ச் மிதித்த கால், களைத்திருக்கும் என்று விட்டுவிட்டார். அடுத்த மாதம் வீக்கம். வலி பெரிதாக இல்லை. ஒரு கிளினிக்கில் வாதம் என்று சொல்லி முட்டிக்குள் ஊசி போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு முன்னைவிட மோசம். கம்பத்தில், அதாவது கிராமத்தில், எண்ணெய் தேய்த்து நீவிவிடும் ஒருவரிடம் போனார். அன்று இரவு முழுக்கக் கத்தினாராம். சாயங்காலம் ஆனால் மெல்லிய காய்ச்சல், சாப்பாடு இறங்கவில்லை, கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. ஏழெட்டு மாதம் இப்படி ஓடிய பிறகு ஒரு நாள் பந்திங் நிறுத்தத்தில் கிளட்ச்சை அழுத்தவே முடியாமல் வண்டியை நிறுத்திவிட்டு, பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கினார். அதுதான் கடைசி ஓட்டம் என்றார்.

எங்கள் எலும்பு டாக்டர் சீனர், பேச்சு குறைவு, தொழில் சுத்தம். முட்டியைத் தொட்டுப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு வீக்கத்துக்கு அந்த முட்டி சுட வேண்டும், அது சுடவில்லை. மூட்டின் உள்சவ்விலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். காசநோய் என்று வந்தது. டிரைவர் அண்ணனால் நம்ப முடியவில்லை. "இருமலே இல்லயே மிஸி. டிபி நெஞ்சுலதானே வரும், முட்டில எப்படி வரும்?" என்று பிறகு என்னிடமும் கேட்டார். எப்போதோ மூச்சு வழியாக உள்ளே போன கிருமி வருஷக்கணக்கில் உடம்பில் சும்மா தூங்கும், உடம்பின் காவல் தளர்ந்தால் விழித்துக்கொண்டு ரத்தத்தோடு போய் எங்கே வேண்டுமானாலும் குடியேறும், முட்டியிலும் இடுப்பிலும் முதுகெலும்பிலும்கூட என்று சொன்னேன். அந்தக் காவல் ஏன் தளர்ந்தது என்ற கேள்விக்கு விடை தேடித்தான் டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். விடை கிடைத்துவிட்டது.

அது அவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் எங்கள் இருவருக்கும் அதைப் பேசத் தேவை வரவில்லை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாமல் தாண்டினால் இந்தக் கதை பொய்யாகிவிடும். எனக்குப் பயமாக இருந்தது. அவருடைய கோப்பின் மேல் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள் இருந்தது. அது எதற்கு என்று வார்டில் எல்லாருக்கும் தெரியும். சாப்பாட்டுத் தட்டை மேசையின் கோடியில் வைத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் படித்தவள், தொட்டால் வராது என்பது எனக்குத் தெரியும், பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் அவர் கட்டிலுக்குப் போகும்போது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொள்வேன். மற்ற நோயாளியிடம் இருபது நிமிஷம் என்றால் அவரிடம் எட்டு நிமிஷம். வீட்டில் அம்மாவிடம் எந்த வார்டு என்றுகூடச் சொல்லவில்லை.

அதை முதலில் கவனித்தவர் அவருடைய மனைவி. நான் அவரை அக்கா என்று அழைப்பேன். அக்கா கிள்ளானுக்குப் பக்கத்தில் மேரு என்ற ஊரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலை முடிந்து, தொழிற்சாலை உடுப்பு மாற்றாமலே, இரண்டு பஸ் மாறி நேரே வார்டுக்கு வருவார். உயரமான, வேகமாகப் பேசும் பெண். அவருக்கும் பரிசோதனை எடுத்திருந்தார்கள். இல்லை என்று வந்தது. சில மாதம் கழித்து மறுபடியும் எடுத்தபோதும் இல்லை. இருக்கிறது என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது, இல்லை என்று வந்த பிறகும் அவர் தினமும் வந்தார்.

ஒரு நாள் நான் கையுறை மாட்டிக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார். என் கையைப் பிடித்துத் திருப்பி, ஒரு துணிக்கடைக்காரர் துணியைப் பார்ப்பது மாதிரி விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணு போதும் மிஸி" என்றார். "இது எங்க கம்பெனி சாமான். தண்ணி ஊத்தித் தொங்கவுட்டுப் பாக்குறதே நான்தான். ஒரு சொட்டு விழுந்தாலும் தூக்கிப் போட்டுருவேன். ரெண்டு போட்டா உங்களுக்குக் கை மரத்துப் போயிரும், அவரு முட்டி எங்க வலிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

குரலில் கோபம் இல்லை. தொழில் தெரிந்தவர் தொழில் தெரிந்தவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். என் முகம் சுட்டது. ஒன்றைக் கழற்றினேன். ஒரு நிமிஷம் யோசித்தேன். புண் இல்லை, ரத்தம் இல்லை, அறுவை செய்த தையலும் ஆறிவிட்டது. மற்ற நோயாளிகளின் முட்டியை நான் கையுறை போட்டா தொடுகிறேன்? இரண்டாவதையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் கையை அவர் முட்டியின் மேல் வைத்தேன்.

மூன்று வாரமாகச் சிகிச்சை தருகிறேன், அந்த முட்டி எப்படி இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மாவைப் பிசைந்து மூடி வைத்தது மாதிரி ஒரு மெத்துமெத்துப்பு. மூட்டின் உட்பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் விரல் பட்டால் தசை முழுவதும் இறுகியது. அந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பிடித்தால் கால் தளர்ந்து கொடுத்தது. டிரைவர் அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். கண் ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. "வலிக்குதாண்ணே?" என்றேன். "இல்ல மிஸி" என்றார்.

மறுநாள் காலை கிள்ளான் பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதானே இருக்கிறது? என் பையில் கோணம் அளக்கும் கருவி இருந்தது, இரண்டு நீண்ட பிளாஸ்டிக் கைகளும் நடுவில் ஒரு வட்டமும் உள்ளது. காலியாக நின்றிருந்த ஒரு பஸ்ஸில் ஏறி ஓட்டுநரிடம், "அண்ணே, உங்க இடது முட்டிய கொஞ்சம் அளந்துக்கலாமா?" என்றேன். அவர் செய்தித்தாளை இறக்கி என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லயே மிஸி."

"இல்லண்ணே, சும்மாதான். கிளட்ச் மேல கால வச்சுக்குங்க. இப்ப அழுத்துங்க."

"அரசாங்கத்துல ஏதும் புதுச் சட்டம் போட்டுட்டாங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல. ஒரு தடவ லா அண்ணே."

பாவம், அழுத்தினார். நான் இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே குந்தி உட்கார்ந்து அளந்தேன். பயணிகள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு சீன அம்மா காய்கறிக் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார். காலை மிதிமேல் வைக்கும்போது முட்டி எண்பது டிகிரி மடங்குகிறது. முழுக்க அழுத்தும்போது முப்பத்தைந்துக்கு நீள்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இறங்கி ஓடினேன்.

"எண்பது" என்றேன் வார்டில் நுழைந்ததும்.

டிரைவர் அண்ணன் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. "இப்ப எனக்கு எவ்வளவு?"

"முப்பத்தெட்டு."

கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "பாதி தூரம் வந்தாச்சு" என்றார். அவர் வந்தது பாதிகூட இல்லை. ஆனால் சிரித்தார், நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றுதான்.

மாத்திரைகள் தினமும் கைநிறைய. ஒரு மாத்திரையால் சிறுநீர் செக்கச்செவேல் என்று போகும். பயந்துவிடப் போகிறாரே என்று முன்பே சொல்லி வைத்திருந்தேன். "எங்க கம்பெனி பஸ் கலரு மிஸி" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமும் பெருமையாகச் சொன்னார். இரண்டு மாதத்தில் சாயங்காலக் காய்ச்சல் நின்றது. பசி வந்தது. வீக்கம் வடிந்து முட்டிச்சில்லின் வடிவம் மெல்லத் தெரிய ஆரம்பித்தபோது எடையைக் கழற்றினோம். வீட்டுக்குப் போய் வாரம் மூன்று முறை வந்தார், இரண்டு ஊன்றுகோலோடு, தன் பழைய பஸ்ஸிலேயே, பயணியாக.

ஐம்பத்தைந்து டிகிரி வரைக்கும் ஒழுங்காக வந்தது. அதோடு நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். நான் அளப்பேன், அவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் சொல்வதற்கு முன்பே தலையைத் திருப்பிக்கொள்வார். எக்ஸ்ரேயில் மூட்டின் இடைவெளி குறைந்திருந்தது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு, அறுவை செய்து முட்டியை நேராகவே ஒட்ட வைத்துவிடலாம் என்றார். ஒட்டிவிட்டால் வலி இருக்காது, உறுதியாக நிற்கலாம், கோல் இல்லாமல் நடக்கலாம். ஆனால் மடங்காது, எப்போதும். அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. எத்தனையோ பேருக்கு நிம்மதி தந்த அறுவைதான். சொல்லாமல் விட்டது ஒன்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எச்.ஐ.வி. உள்ளவருக்கு இரண்டு மூன்று வருஷம் என்று கணக்கிட்ட காலம் அது. அந்தக் கொஞ்ச காலத்தை வலியில்லாமல் கழிக்கட்டுமே என்று டாக்டர் நினைத்தார்.

அக்காவும் அதையே நினைத்தார். டாக்டர் போன பிறகு இருவருக்கும் சண்டை வந்தது. என்னை வெளியே போகச் சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை.

"பண்ணிக்குங்க. வலி இல்லாம வீட்டுல இருங்க. நான் வேல பாக்குறேன்ல?" என்றார் அக்கா.

"சும்மா உக்காந்து என்னா செய்யச் சொல்ற?"

"இருங்க. அது போதும் எனக்கு."

"எனக்குப் போதாது" என்றார் அவர். குரல் உயரவில்லை. "வீட்டுல உக்காந்தேன்னா நான் எப்ப சாவேன்னு எண்ணிக்கிட்டுத்தான் இருப்பேன். வண்டில ஏறுனா அடுத்த ஸ்டாப் எங்கன்னுதான் பாப்பேன்."

அக்கா என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க மிஸி, மடங்குமா?" என்றார். எனக்கு வயது இருபத்தாறு. ஆறுதல் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அக்காவின் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல முடியவில்லை. "தெரியல அக்கா. முயற்சி பண்ணலாம். மடங்காமலும் போகலாம்" என்றேன். கிளட்ச் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. ஐந்தாம் நாள் வாய் திறந்தவர் நிலைமை உறைக்காமல் கேட்கவில்லை, நன்றாக உறைத்த பிறகுதான் கேட்டிருக்கிறார்.

டாக்டரிடம் நானே போய் இரண்டு மாதம் அவகாசம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சரி, ஆனால் வலியைத் தாண்டிப் போகாதே, மூட்டு மறுபடியும் பொங்கினால் அதோடு முடிந்தது என்றார்.

அடுத்த வாரம் டிரைவர் அண்ணன் வரும்போது, பந்திங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறையில் செய்ததென்று ஒரு சாமானைக் காட்டினார். ஒரு பலகை, அதில் ஒரு இரும்பு மிதி, அடியில் பழைய மோட்டார் சைக்கிளின் ஸ்பிரிங். பட்டறைக்குப் போய்ச் சொல்லிச் செய்ய வைத்தவர் அக்கா. சண்டை போட்ட மறுநாளே போயிருக்கிறார். அந்தப் பலகையை எங்கள் சிகிச்சை அறையில் நாற்காலிக்கு முன்னால் வைத்துப் பார்த்தோம். நாற்காலி தூரமாக இருந்தால் முட்டி குறைவாக மடங்கும், பக்கத்தில் இழுத்தால் அதிகம். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். வாரத்துக்கு ஒரு விரல் அளவு நாற்காலியை முன்னே இழுக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. வீட்டிலும் அதே கோடு. சுடுநீர் ஒத்தடம் கொடுத்து, காலையும் மாலையும் அரை மணி நேரம் அவர் வீட்டுக் கூடத்திலேயே பஸ் ஓட்டினார். வாயால் சத்தம் வேறு கொடுப்பாராம். சின்ன மகள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து மணி அடிப்பாளாம். "காசு குடுக்காம எறங்கிடுது மிஸி" என்று புகார் சொன்னார்.

ஐம்பத்தெட்டு. அறுபத்திரண்டு. ஒரு வாரம் வலி கூடி, பயந்துபோய் நிறுத்தி வைத்தோம். மறுபடியும் அறுபதிலிருந்து. எழுபத்தொன்று வந்த அன்று, நான் அளந்த எண்ணை நம்பாமல் மூன்று முறை அளந்தேன். அவகாசம் முடிய நான்கு நாள் இருந்தபோது எழுபத்தெட்டு. டாக்டர் தாமே அளந்து பார்த்தார். அறுவைக்கான தாளை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் மகிழ்ந்ததை நான் பார்த்தது அவ்வளவுதான்.

மாத்திரைக் கெடு முழுவதும் முடிந்து, முட்டி எண்பத்தைந்துக்கு வந்து நின்றது. இடது முட்டியில் காசநோய் இருந்தது, சிகிச்சை நிறைவடைந்தது, பிறருக்குத் தொற்றாது, வேலை செய்யலாம் என்று டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால் கம்பெனியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை நானும் போனேன். யாரும் அனுப்பவில்லை, நானாகத்தான் போனேன். டெப்போவில் ஒரு பழைய பஸ்ஸை ஒதுக்கியிருந்தார்கள். அக்கா கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார், உள்ளே வர மாட்டேன் என்று.

டெப்போ மேலாளர் என்னைத் தனியே அழைத்தார். நல்ல மனிதர்தான், வார்டுக்கு ஒரு முறை பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "மிஸி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க" என்று தயங்கினார். "இவனுக்கு வேற சீக்கும் இருக்குன்னு பேசிக்கிறாங்க. உண்மையா?"

இல்லை என்று சொன்னால் பொய். ஆம் என்று சொன்னால் அவருடைய வாழ்க்கை. "அங்கிள், நான் முட்டி பாக்குறவ. வேற எதையும் என்கிட்ட கேக்கக் கூடாது, கேட்டாலும் நான் சொல்லக் கூடாது" என்றேன். "அந்தக் கால் கிளட்ச் மிதிக்குமான்னு கேளுங்க. மிதிக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாததை அவர் புரிந்துகொண்டாரா என்பது இன்றுவரை தெரியாது. "சரி, ஏறுங்க" என்றார்.

டிரைவர் அண்ணன் ஏறினார். வலது காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, இடது காலை இழுத்துக்கொண்டு. நானும் மேலாளரும் பின்னால் உட்கார்ந்தோம். அவர் தம் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தினார். எங்கள் சுண்ணாம்புக் கோட்டைத்தான் மனதில் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. இன்ஜினைக் கிளப்பினார். கிளட்ச்சை அழுத்தி, கியரைப் போட்டு, விட்டபோது பஸ் குலுங்கி நின்றுவிட்டது. மேலாளர் முன்னால் பார்த்தபடி இருந்தார். இரண்டாவது முறை. பாதம் மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. பஸ் நகர்ந்தது.

பத்து நிமிஷம் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பிய வண்டி நாற்பது நிமிஷம் கழித்துத்தான் திரும்பியது. மேலாளர் நிறுத்தச் சொல்லவில்லை. கியர் மாற்றங்களை நான் எண்ண ஆரம்பித்து ஐம்பதோடு விட்டுவிட்டேன். திரும்பி வந்தபோது அக்கா கேட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றிருந்தார். அவர் முன்னால் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, "பந்திங், பந்திங், ஏறுமா" என்றார் டிரைவர் அண்ணன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காசு இல்ல, பரவால்லயா?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

அதன் பிறகு அவர் ஓட்டினார். முதலில் பாதி நேரம், பிறகு முழு நேரம். நான் கோலாலம்பூரிலேயே ஒரு மருத்துவமனைக்கு மாற்றலாகிவிட்டேன். தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் வந்தால் இருவரும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்ப்பார்கள். அம்மா அவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார். டாக்டர்கள் கொடுத்த இரண்டு மூன்று வருஷம் கடந்தது. நடுவில் ஒரு வருஷம் மோசமாகத்தான் போனது, உடம்பு இளைத்து, வாயெல்லாம் புண்ணாகி, அக்கா என்னை அழைத்துப் பேச்சு வராமல் போனைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் புதிய மருந்துகள் வர ஆரம்பித்தன. முதலில் எல்லாருக்கும் கிடைக்கவில்லை, பிறகு அவருக்கும் கிடைத்தது. சில மாதங்களில் தேறினார். மருந்தை ஒரு நேரம்கூடத் தவறவிட்டதில்லை, பஸ் நேர அட்டவணை மாதிரி அதையும் கண்ணாடியில் எழுதி ஒட்டி வைத்திருந்தார். வயது வரம்பு முடிந்து ஓய்வு பெறும் வரைக்கும் வண்டியை விடவில்லை. இரண்டு மகள்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது.

நானும் முன்கூட்டியே ஓய்வு பெற்றுவிட்டேன். என் கைக்குள் வந்துபோன மூட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். பெரும்பாலானவற்றின் முடிவு எனக்குத் தெரியாது. குணமானவர்கள் திரும்பி வருவதில்லை, குணமாகாதவர்களும் வராமல் நின்றுவிடுவார்கள். முழுக் கதையும் தெரிந்த சிலரில் ஒருவர் டிரைவர் அண்ணன்.

போன மாதம் ஒரு காலை நேரத்தில் அழைத்தார். குரலில் ஒரு பரபரப்பு.

"மிஸி, வலது முட்டி வலிக்குது."

"எத்தனை நாளா? வீக்கம் இருக்கா? காய்ச்சல் வருதா?" பழைய கேள்விகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்தன.

"எல்லாம் பாத்தாச்சு மிஸி. ஆஸ்பத்திரிக்குப் போனேன். படம் எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஒண்ணும் இல்ல. டாக்டர் சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். என்னா சொல்லுச்சு தெரியுமா?" நிறுத்தினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "வயசாயிருச்சு லா அங்கிள், தேய்மானம், எழுவது வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்னு சொல்லுச்சு. வயசாயிருச்சாம் மிஸி! எனக்கு!"

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "மிஸி, காலையிலேருந்து இதே வேல. இவருக்கு மூட்டு தேஞ்சு போச்சுன்னு ஊரு பூரா போன் போட்டுச் சொல்லிக்கிட்டு இருக்காரு. நீங்க ஏழாவது ஆளு."